குரங்கு வண்டிக்கு விலை சொன்ன மதலேனா

என் அக்கா மதலேனாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு முறை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகிப் பார்த்தாள். நேராகப் போய் ஐஸ்கிரீம்காரரின் வண்டியில் மோதி, வெட்கத்தில் அவரிடமே இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி திரும்பி வந்தாள். ஆனால் எழுபதுகளில் சிங்கப்பூரில் யார் ஒரு பழைய மினி பைக்கை வாங்க நினைத்தாலும், விற்க நினைத்தாலும், ஜாலான் புசாருக்கு வந்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள்.

மினி பைக் என்றதும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஊற்றி, உதைத்துக் கிளப்பி ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்தான். உயரம் மட்டும் முழங்கால் அளவு. பெரிய ஆள் ஏறி உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதைத் தொடும். அதனால் மங்கி பைக் என்றார்கள். நம் ஆட்கள் குரங்கு வண்டி என்றே சொல்வார்கள். கப்பல் இன்ஜினியர்கள் அதைக் கப்பலிலேயே ஏற்றி வந்து, கரையில் இறக்கி ஊர் சுற்றுவார்கள். செம்பவாங் தளத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் வைத்திருந்தார்கள். எழுபத்தொன்றில் பட்டாளம் மூட்டை கட்டியபோது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களுக்கு வண்டி ஓடியவரை கொண்டாட்டம். நின்றுபோனதும் ஸ்பேர் தேடி ஜாலான் புசாருக்கு வந்தார்கள்.

அங்கே சேக் தாவூது பாயின் மோட்டார் சாமான் கடையில் அந்த வருடம்தான் அக்கா பில் எழுதச் சேர்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. ஜப்பானிலிருந்து வரும் சாமான் புத்தகங்களில் வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எந்த மாடல் என்று தெரியாமல் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, எண் இல்லாமல் ஆர்டர் போட முடியாது. வருகிறவர்களுக்கோ "சின்ன வண்டி, செவப்புக் கலர்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது. பாய்க்கு லாரிச் சாமான்தான் அத்துப்படி. "நீயே போயி பாத்துட்டு வாம்மா" என்று அக்காவை வெளியே அனுப்பிவிடுவார். அவளும் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, வண்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

முதலில் சக்கரம். ஐந்து அங்குலமா, எட்டு அங்குலமா? பிறகு ஸ்பிரிங். முன்னால் உண்டா, பின்னால் உண்டா? மிகப் பழைய வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் கிடையாது. குழியில் இறங்கினால் ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கே அது தெரிந்துவிடும். கடைசியாகக் கழுத்து. ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில் எண் அடித்திருக்கும். மற்ற எதையும் கழற்றி மாற்றிவிடலாம், கழுத்தை மாற்ற முடியாது. எண் எவ்வளவு சின்னதோ, வண்டி அவ்வளவு மூத்தது.

மூன்று வருடத்தில் அக்காவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பழைய வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் முளைத்த காலம் அது. ஜோகூரிலிருந்து வந்தார்கள். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் வியாபாரிகள் வந்தார்கள். ஒரு ஜப்பானியக் கப்பல்காரர் வந்து, அக்கா சொன்னதைக் கேட்டு மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அக்காவின் தீர்ப்பு இரண்டே வார்த்தைகளில் அடங்கிவிடும். எல்லாம் பொருந்தி வந்தால் ஒரிஜினல். இல்லையென்றால் கதம்பம். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் நாலு பூவைச் சேர்த்துக் கட்டுவது போல நாலு வண்டிச் சாமானைச் சேர்த்துக் கட்டியது என்று அர்த்தம். ஒரிஜினல் என்றால் எழுநூறு, எண்ணூறு சிங்கப்பூர் வெள்ளிக்குப் பேரம் நடக்கும். கதம்பம் என்றால் நூறோடு சரி. இதற்காக அவள் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு கோப்பி, ஒரு கறி பஃப், அவ்வளவுதான். சொன்ன சொல்லை மாற்றியதும் இல்லை.

எனக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. நான் அருள்ஜோதி, அவளுக்கு நாலு வயது இளையவள், தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. அக்காவைப் பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தன. முதல் குடும்பம் அவள் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுப் பலகாரத்தைத் தொடாமலேயே எழுந்து போனது. இரண்டாவது குடும்பம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஆனால் அக்கா கோப்பி கொடுக்கும்போதே மாப்பிள்ளையின் மாமாவிடம், "அங்கிள், கீழ நிக்கிற ஸ்கூட்டர் உங்களுதா? உங்கள ஏமாத்திட்டாங்க" என்று சொன்னாள். மாமா அதை வாங்கியது மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து. அப்புறம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்று அப்பா ஒரே பிடியாக இருந்தார். எனக்காகத் தபால் நிலையத்து ஜார்ஜ் மூன்று வருடமாகக் காத்திருந்தார். எனக்குக் கோபம் வருமா, வராதா?

எண்பத்தொன்றில் மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இயேசுதாசன், செம்பவாங் கப்பல் பட்டறையில் தகடு வேலை. தமிழ்ப் பூசைக்குத் தீவின் எந்த மூலையில் இருக்கிற கத்தோலிக்கரும் எங்கள் மாதா கோயிலுக்குத்தான் வருவார்கள். அவர் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுவார். அப்பா இல்லை, அம்மா அல்போன்சம்மாள் மட்டும். பட்டாளம் கிளம்பியபோது ஒரு சிப்பாயிடம் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொடுத்து வாங்கிய குரங்கு வண்டி ஒன்று அவரிடம் இருப்பது தெரிந்ததும், அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"வீட்டுல வச்சுப் பாத்தாத்தானே இவ வாயத் தொறக்குறா? வண்டிய மதிப்புப் போடற மாதிரி கடைக்கு வரட்டும். அவங்க பொண்ணப் பாத்துட்டுப் போகட்டும். இவளுக்குச் சொல்லவே வேணாம்."

நானும் தலையாட்டினேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலையில் இயேசுதாசன் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். முன் சீட்டிலிருந்து அல்போன்சம்மாள் இறங்கினார், பட்டுப்புடவையில். வண்டி மதிப்புப் போட யார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவார்கள்? அக்காவுக்கு அது கண்ணிலேயே படவில்லை, அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குள் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பார்க்கச் சகிக்காமல் இருந்தது. கப்பலுக்கு அடிக்கிற அடர் பச்சைப் பெயிண்ட். எட்டு அங்குலச் சக்கரம். வேறேதோ வண்டியின் ஸ்பிரிங் வைத்த முன்பகுதி. மெத்தை போல உப்பிய சீட்டு. அக்கா வழக்கம் போலக் குந்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து, கழுத்துக்கு வந்தாள். அங்கே எண் இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு. பயணிகளின் காவலர் புனித கிறிஸ்தோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிற படம். நாலு மூலையிலும் ரிவெட் அடித்திருந்தது. அக்கா விரலை வைத்தாள். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"கைய எடு! பாதர் மந்திரிச்சுக் குடுத்தது" என்றார் அல்போன்சம்மாள்.

"இதுக்குக் கீழதாம்மா நம்பர் இருக்கு. எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

"நம்பர் எதுக்கு? மொத மொதல்ல வந்த வண்டிங்கள்ல ஒண்ணுன்னு வித்தவன் சொன்னானாம். எம்மவன் பொய்யா சொல்றான்?"

அக்கா எழுந்து நின்றாள். அடிபட்ட கை சிவந்திருந்தது, முகம் அதைவிடச் சிவந்திருந்தது. "மொத வண்டியா? சக்கரம் வேற, முன்னால வேற, சீட்டு வேற, பெயிண்ட் கப்பலோடது. கதம்பம்."

இயேசுதாசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சக்கரம் அம்மாவுக்காக மாத்தினதுங்க. சின்னச் சக்கரம் ரோட்டோர லோங்காங் சாக்கடையில மாட்டிக்கும்னு பயந்தாங்க. ஸ்பிரிங்கும் சீட்டும் அவங்க இடுப்பு வலிக்கு. ரெட் கலர் ஆகாதுன்னாங்க, அதான் பச்சை."

ஆக, அந்த வண்டியில் முக்கால்வாசி அல்போன்சம்மாளின் பயம். அதைத்தான் அக்கா கதம்பம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தம்மா சும்மா விடுவாரா? "ஓட்டத் தெரியாதவ எல்லாம் விலை சொல்ல வந்துட்டா. கெளம்புடா" என்று லாரியில் ஏறிக்கொண்டார். வண்டியை இப்படிச் சொல்கிறவள் நாளைக்கு வீட்டையும் இப்படித்தான் சொல்லுவாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அன்று மாலையே ஆள் வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் அக்கா அப்பாவையும் என்னையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "என்னப் பாக்கத்தான் வராங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்ப?" என்றேன் நான்.

"கதம்பம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல. கழுத்தப் பாக்காம சொல்லியிருக்க மாட்டேன். கோவத்துல சொல்லிட்டேன்" என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆனா அந்த ரிவெட் நாலும் என்ன அழகா அடிச்சிருந்தாரு, பாத்தியா? ஒரு மயிரிழை கோணல் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அதுவரை ஓர் ஆண்பிள்ளை செய்த எதையும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை சேக் தாவூது பாய் ஒரே கேள்விதான் கேட்டார். "கழுத்தப் பாத்தியாம்மா?"

"இல்ல பாய்."

"அப்ப எப்படிம்மா சொன்ன? சரி விடு, ஒரு வண்டிதானே."

"நான் சொல்றத நம்பித்தான் ஊரே வாங்குது விக்குது பாய். அதுல ஒண்ண பாக்காம சொல்லிட்டேன்னா, மத்ததயும் பாக்காமதான் சொன்னேன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று அக்கா பில் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை இயேசுதாசன் தனியாக வந்து ஒரு ஸ்பார்க் பிளக் வாங்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொரு பிளக். மூன்றாவது சனிக்கிழமையும் பிளக் கேட்டபோது அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஒரு வண்டிக்கு எத்தன பிளக் சார் போடுவீங்க?"

"ஒண்ணுதான்" என்றார் அவர். கழுத்துவரை வியர்த்திருந்தார். "வண்டி ஒரிஜினலா கதம்பமான்னு எனக்குக் கவலை இல்லீங்க. நான் உங்களப் பாக்கத்தான் வரேன். அம்மாகிட்ட நான் பேசறேன்லா."

"எனக்குக் கவலை இருக்கு" என்றாள் அக்கா. "உங்க வண்டியப் பத்தி நான் சொன்னது சரியா தப்பான்னு தெரியாம நான் உங்க வீட்டுக்கு வர முடியாது. தகட்ட எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள் என்பதே அந்த மனிதருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனதாம். பிளக்குக்குக் காசு கொடுக்காமலேயே ஓடிவிட்டாராம். பாய் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

மந்திரித்த தகட்டைக் கழற்றுவதா என்று அல்போன்சம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. பாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அம்மா, கிறிஸ்தோபர் எவ்வளவு பெரிய ஆத்தையே தாண்டினவரு. அஞ்சு நிமிஷம் வண்டிய விட்டு எறங்கி நின்னா கோவிச்சுக்கவா போறாரு? நானே பக்கத்துல நிக்கிறேன்." அல்போன்சம்மாள் மூன்று நிபந்தனை போட்டார். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்த பிறகுதான் கழற்ற வேண்டும். கோயில் வளாகத்தில், மெழுகுவர்த்தி ஏற்றி, மாதா சுரூபத்துக்கு முன்னால்தான் கழற்ற வேண்டும். கழற்றிய தகட்டைப் பாதர் வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குரங்கு வண்டி மாதாவுக்கு முன்னால் வந்து நின்றது. வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவரும் போகவில்லை. பாடகர் குழு முழுவதும் சுற்றி நின்றது. சேக் தாவூது பாய்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்து வேலியோரம் நின்றார். அக்கா சொன்னது சரி என்று ஆகிவிட்டால் அத்தனை பேருக்கு முன்னால் மானம் போன மாமியார் இந்த ஜென்மத்தில் சம்மதிக்க மாட்டார். தப்பு என்று ஆகிவிட்டால் பத்து வருடமாக அக்கா சேர்த்த பெயர் அத்தனை பேருக்கு முன்னால் போய்விடும். அக்கா தோற்க வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். ஜார்ஜ் என் பக்கத்தில் நின்று அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இயேசுதாசன் கை டிரில்லை எடுத்தார். கப்பலில் ஆயிரம் ரிவெட் எடுத்த கை, அன்றைக்கு மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வந்ததும் தகடு கழன்று பாதரின் துணியில் விழுந்தது.

அடியில் சிவப்பு. மாதுளம்பழத்தை உடைத்தது போல, ஒரு கீறல் இல்லாத சிவப்பு. வண்டி வாங்கிய வாரமே தகடு அடித்ததால், பிறகு ஏறிய பச்சை அந்த ஒரு இடத்தைத் தொடவே இல்லை. அக்கா குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையால் துடைத்து, எண்ணைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன்." கடைசி வரிசைவரை கேட்கும்படிதான் சொன்னாள். "இது மொத வருஷத்து வண்டி. நான் தொட்டதுலயே இதுதான் மூத்தது. சக்கரம், ஸ்பிரிங், சீட்டெல்லாம் திரும்ப மாத்திக்கலாம், கழுத்து ஒரிஜினல்னா வண்டி ஒரிஜினல்தான். நம்பரப் பாக்காம, கோவத்துல கதம்பம்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சிருங்க."

பாடகர் குழுவில் யாரோ விசிலடித்தார்கள். அல்போன்சம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். "பாத்தீங்களா? எம்மவன் சொன்னான்ல?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே அருகில் போய்க் குனிந்தவர், சட்டென்று நின்றார். "இது என்ன ஓட்டை?"

நாலு ரிவெட்டில் ஒன்று எண்ணின் மேலேயே இறங்கி, ஓர் இலக்கத்தின் பாதியைத் தின்றிருந்தது.

"இதனால விலை கொறையுமா?" அந்தம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

நான் பின்னாலிருந்து அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். 'இல்லைன்னு சொல்லித் தொலையேன்' என்று மனத்துக்குள் கத்தினேன்.

"கொறையும்மா. பாதியாப் போயிடும்" என்றாள் அக்கா.

"நான் அடிக்கச் சொன்ன ஆணியாலயா?"

"ஆமாம்மா. ஆனா அந்தத் தகடு இல்லேன்னா இந்தச் சிவப்பும் மிஞ்சியிருக்காது. இது மேலயும் பச்சை அடிச்சிருப்பாரு."

"அடிச்சிருப்பேன்" என்றார் இயேசுதாசன் பணிவாக.

அல்போன்சம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி, இப்பத்தான் மன்னிப்புக் கேட்ட. அடுத்த மூச்சுலயே பழியத் தூக்கி என் தலையில போடுற?"

"நீங்க கேட்டீங்க. நான் சொன்னேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருடம், அதோடு இன்னும் எத்தனை வருடமோ என்று ஜார்ஜைப் பார்த்தேன். அப்போது அல்போன்சம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பாதர், எங்க வீட்டுல முப்பது வருஷமா ஒருத்தர்கூட நான் பண்ணினது தப்புன்னு சொன்னதில்ல. எம் புருஷன் சொல்லல. எம் மவன் சொல்லல. நானும் சொன்னதில்ல. அதச் சொல்ல ஒருத்தியாவது அந்த வீட்டுக்கு வரட்டும். கல்யாண ஓலை எழுதுங்க."

இயேசுதாசன் டிரில்லைக் காலில் போட்டுக்கொண்டார். வலித்ததாகவே தெரியவில்லை. அக்காவோ தலை குனிந்து நின்றாள். என் வாழ்நாளில் அவள் தலை குனிந்து, ஆனால் வண்டி எதையும் பார்க்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கட்டிப்பிடித்து, அவள் கிரீஸ் கையையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த வாரமே ஜார்ஜ் வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கப்படி திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு பாதர் வாசித்தார். "செம்பவாங் இயேசுதாசன், ஜாலான் புசார் மதலேனா. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்." அவர் வாய் மூடும் முன்னே முதல் வரிசையில் அல்போன்சம்மாள் எழுந்தார். இடுப்பில் கை வைத்துத் திரும்பி நின்று, கோயிலில் இருந்த அத்தனை பேரையும் வரிசை வரிசையாக முறைத்துப் பார்த்தார். ஆண்கள் பக்கம் ஒருத்தருக்கு இருமல் வந்தது. அவர் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.